பாலத்தில் கால் வைக்காத பூட்டனைத் தேடுவது எப்படி?

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மம்மாவின் அப்பா கல்லடியில் வாழ்ந்தவர். 1924இல் கல்லடிப் பாலம் திறந்த பிறகும் சாகும்வரை அவர் அதில் கால் வைக்கவில்லை, வாவிக்கு அந்தப் பக்கம், மட்டக்களப்பு நகரம் இருக்கிற புளியந்தீவுக்குப் போவதென்றால் தோணிதான், மாரி மழையென்றாலும் தோணிதான். ஊரில் அவருக்கு விசர் மனிசன் என்று பெயர். பேப்பருக்கெல்லாம் எழுதினாராம், கடிதங்கள் ஒரு றங்குப் பெட்டி நிறைய இருந்ததாம், அந்தப் பெட்டி 2004 சுனாமியோடு போய்விட்டது. நீங்கள் இப்போது கொழும்பில் இருக்கிறீர்கள், இனி அவரைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள்.

இருக்கிறது. சாதாரணமாக வாழ்ந்துவிட்டுப் போன ஒருவரைத் தேடுவதைவிட இப்படிப்பட்டவரைத் தேடுவது சுலபம். ஒழுங்காக வயலுக்குப் போய், கோயிலுக்குப் போய், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுக் கண்மூடியவர் பிறப்புப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் ஒரு காணி உறுதியிலும் மட்டும்தான் இருப்பார். ஊரோடு ஒத்துப்போகாதவர் அப்படியில்லை. அவர் பெட்டிசம் (முறைப்பாட்டு மனு) எழுதியிருப்பார், வழக்குப் போட்டிருப்பார், பத்திரிகைக்கு எழுதியிருப்பார், அவரைப் பற்றி மற்றவர்களும் கோபத்தோடு எழுதியிருப்பார்கள். கடதாசி அங்கே இங்கே சிதறிக் கிடக்கும், அவ்வளவுதான்.

பெட்டி போய்விட்டது என்று மனம் உடைய வேண்டாம். அந்தப் பெட்டியில் இருந்தது பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதிய கடிதங்கள் அதில் இருந்திருக்காது, அவை யாருக்கு எழுதினாரோ அந்த வீடுகளுக்குப் போய்விட்டன. இங்கே நம்முடைய மட்டக்களப்பு வழக்கத்தை யோசியுங்கள். வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், கட்டினவன் பெண்வீட்டில் வந்து இருப்பான். அப்படியென்றால் உங்கள் பூட்டன் கல்லடியில் பிறந்தவராகவே இருக்க வேண்டியதில்லை, கல்லடி உங்கள் பூட்டியின் வீடாக இருக்கலாம். அவர் பிறந்த வீடு எது? அங்கே அவருடைய தாய் இருந்திருப்பா, அக்கா தங்கச்சி இருந்திருப்பார்கள், அந்த வீடு இன்று அந்த அக்காவின் மகளுடைய மகளின் கையில் இருக்கும். அவர் அம்மாவுக்கும் அக்காவுக்கும் எழுதியது அங்கேதான் கிடக்கும். அப்பாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆண்வழியாக மேலே ஏறிப்போனால் நம்முடைய பக்கத்தில் பாதி வழியில் நின்றுவிடுவோம். கடதாசி தாய்வழியில் இறங்கும், குடி, அதாவது தாய்வழிக் குலம், இறங்குகிற மாதிரி. அவர் எந்தக் குடி என்று தெரிந்தால் அந்தக் குடிக்காரர்கள் கூடுகிற கோயில் தெரியும், கோயில் தெரிந்தால் ஊர் தெரியும், கோயில் நிர்வாகியான வண்ணக்கரைப் பிடித்தால் பழைய திருவிழாக் கணக்குப் புத்தகத்தில் அவர் பெயரில் உபயம் இருந்ததா என்றுகூடப் பார்க்கலாம்.

இதை எனக்குச் சொல்லித்தந்தது என்னுடைய சொந்தப் பூட்டன்தான். அவருக்கு ஊரில் பெட்டிசக்காரர் என்று பெயர். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல். கதை என்னவென்றால், மனிசன் ஒரு தடியில் வெட்டுக் குறி வைத்துக்கொண்டு விடிய எழும்பிப் போய்க் குளத்து மடையடியில் இறங்கித் தண்ணீரை அளப்பாராம், அளந்ததை ஒரு கொப்பியில் எழுதுவாராம், பிறகு அதைக் கொண்டுபோய்க் கச்சேரி (மாவட்ட அரசாங்க அலுவலகம்) வாசலில் நிற்பாராம். பெண்சாதி பிள்ளைகள் வெட்கப்பட்டு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எங்கள் பக்கத்தில் அவருடைய ஒரு தாள்கூட இல்லை, 1978 சூறாவளியில் கூரையோடு போனது என்று சொன்னார்கள். பத்து வருடத்துக்கு மேல் நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு செத்தவீட்டில் தற்செயலாகக் கதை வந்தது. அவருடைய தங்கச்சியின் பேத்தி, எனக்குப் பெரியம்மா முறை, எண்பது தாண்டியவ, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருக்கிறா. போய்க் கேட்டேன். "அந்த மனிசன்ட கடுதாசியா, அது என்னத்துக்கு மனே இப்ப" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், பெட்டகத்துக்குள் சீலைத் துண்டில் சுற்றிவைத்திருந்த ஒரு கட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டா. பத்தொன்பது கடிதங்கள். "அம்மா எறியக்கூடாது எண்டவ, மறுகா நானும் எறியல்ல" என்றா. ஏன் எறியக்கூடாது என்று தாயும் சொல்லவில்லை, மகளும் கேட்கவில்லை. இடம்பெயர்ந்து போனபோதும் அந்தச் சீலைக்கட்டு அரிசிப் பானையோடு போய்த் திரும்பி வந்திருக்கிறது. இதை எழுதும்போதுகூட எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கடிதம் கிடைத்தால் எப்படி வாசிப்பது என்று சொல்கிறேன், ஏனென்றால் முதலில் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், அடுத்து அரைப் பக்கத்துக்கு இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடம் உங்கள் சுகத்துக்கு எழுதவும் என்று போகும். அதை வாசித்துவிட்டு ஒன்றும் இல்லை என்று வைத்துவிடாதீர்கள். "நிற்க" என்று ஒரு சொல் வரும், விஷயம் அதற்குப் பிறகுதான். நான் ஒவ்வொரு கடிதத்திலும் முதலில் அந்த "நிற்க" எங்கே என்று விரலை வைத்துத் தேடுவேன். கடைசி ஓரத்தையும் பாருங்கள், தாள் முடிந்தபின் பக்கவாட்டில் திருப்பி நெருக்கி எழுதிய இரண்டு வரியில்தான் காசு, வழக்கு, சண்டை எல்லாம் இருக்கும்.

திகதியில்தான் நான் பெரிய பிழை விட்டேன். ஒரு கடிதத்தில் தாது வருடம் மாசி மாதம் என்று இருந்தது. தமிழ் ஆண்டு அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 1876இல் வந்த தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதற்கடுத்த தாது 1936. பேப்பரும் மையும் 1876க்குரியவை அல்ல, ஆகவே 1936 என்று முடிவு செய்து, கொழும்புக்குப் போய் 1936 பெப்ரவரி, மார்ச் பத்திரிகைகளை இரண்டு நாள் முழுக்கப் புரட்டினேன். ஒன்றும் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் மண்டையில் உறைத்தது, தமிழ் வருடம் பிறப்பது சித்திரையில். 1936 சித்திரையில் பிறந்த தாதுவின் மாசி 1937இல் அல்லவா வரும்! தை, மாசி, பங்குனி என்று இருந்தால் ஒரு வருடம் கூட்டிக்கொள்ளுங்கள், மார்கழி என்றால் அதன் பிற்பாதி ஜனவரிக்குள் வந்துவிடும். ௵, ௴, ௳ என்று குறி போட்டிருந்தால் அவை வருடம், மாதம், நாள். தமிழ் எண்களும் வரும், ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வருடமே இல்லாவிட்டால் முத்திரையைப் பாருங்கள், ஐந்தாம் ஜோர்ஜ் தலை இருந்தால் 1910க்குப் பிறகு, ஆறாம் ஜோர்ஜ் என்றால் 1936 டிசம்பருக்குப் பிறகு. தபால் குத்தின் திகதி மங்கியிருந்தாலும் போனில் படமெடுத்து வெளிச்சத்தைக் கூட்டினால் பல நேரம் தெரியும்.

சரி, பத்திரிகைக்கு வருவோம். என் பெரியம்மா வீட்டு மாசிக் கடிதத்தில் "நிற்க" என்பதற்குப் பிறகு இருந்தது இதுதான்: பயிர் குடலையாய் (கதிர் வெளிவரும் முன்) நின்ற நேரம் மடை மூன்று நாள் பிந்தித் திறந்தார்கள், குளத்தில் நாலு முழம் ஒரு சாண் தண்ணீர் நின்றதைத் தான் அளந்து வைத்திருப்பதாகவும், தண்ணீர் இல்லை என்று சொன்னது பொய் என்றும், அதைப் பேப்பருக்கு எழுதியிருப்பதாகவும். இப்போது சரியான வருடத்தோடு மறுபடி போனேன். 1937 மார்ச் மாதத்துப் பத்திரிகை ஒன்றில், வாசகர் கடிதங்களுக்குள், "ஒரு கமக்காரன்" என்று கையெழுத்திட்ட பதினாறு வரி. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் ஆறாவது வரியில் "நாலு முழம் ஒரு சாண்" என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் குளத்துத் தண்ணீரைப் பற்றிப் பேப்பருக்கு எழுதுகிறவர்கள் அடிக்கணக்கில்தான் எழுதுவார்கள், தடியில் முழக்கணக்கு வெட்டி அளந்தவர் ஒருவர்தான். அந்த வரியைக் கண்டபோது வாசிப்பறையில் நான் எழும்பி நின்றுவிட்டேன், மேசைக்காரர் என்ன என்று கேட்டார், எங்கட பூட்டன் என்றேன்.

மனிசனுக்கு விசரில்லை. தண்ணீர் இருந்தது என்பதற்குச் சாட்சி தேவைப்பட்டது, வேறு யாரும் சாட்சி சொல்ல வராதபடியால் தடியைச் சாட்சியாக வைத்துக்கொண்டார். காரணத்தை ஊர் மறந்துவிட்டது, தடி மட்டும் கதையில் மிஞ்சியது. உங்கள் பூட்டனின் தோணியும் அப்படி ஒன்றாக இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அவர் விஷயத்தில் எனக்கு ஒரு ஊகம் உண்டு. பாலம் வருவதற்குமுன் கல்லடித் துறையில் ஆட்களை ஏற்றி இறக்கியது தோணிதான். அந்தக் காலத்தில் இலங்கையில் துறைகளின் ஆயத்தை, அதாவது கடப்பதற்கான வரியை, அரசாங்கம் குத்தகைக்கு விடும், விற்பனை அறிவித்தல் அரசாங்க வர்த்தமானியில் வரும். வர்த்தமானி 1802இலிருந்து வருகிறது. பாலம் வந்தால் துறைக் குத்தகைக்காரருக்கும் தோணிக்காரருக்கும் பிழைப்புப் போய்விடும். உங்கள் பூட்டனோ, அவருடைய மாமனோ மச்சானோ அந்தத் துறையோடு சம்பந்தப்பட்டவர்களாக இருந்தால், அவர் பாலத்தில் ஏறாதது பிடிவாதமா, துறைக்காரரோடு நின்ற விசுவாசமா? வீட்டில் யாரும் தோணி வைத்திருந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். 1910களிலிருந்து 1924 வரையுள்ள வர்த்தமானியில் கிழக்கு மாகாணத்து ஆயக் குத்தகை அறிவித்தல்களைப் பாருங்கள். அது பிழைத்தால் இன்னொன்றைத் தேடலாம், பாலம் கட்டும்போது காணி எடுத்தார்களா, விபத்து நடந்ததா என்று. தேட ஒரு கேள்வி கையில் இருக்க வேண்டும், சும்மா போய்ப் புரட்டினால் கண்தான் எரியும்.

நீங்கள் கொழும்பில் இருப்பது பெரிய வசதி. தேசிய சுவடிகள் திணைக்களம் கொழும்பு 7இல் இருக்கிறது. பழைய பத்திரிகைகள், வர்த்தமானி, கச்சேரிப் பதிவுகள், பிரித்தானியர் காலத்து அரசாங்க ஏஜெண்டுத்துரைமாரின் நாட்குறிப்புகள் எல்லாம் அங்கேதான். அந்த நாட்குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். துரை இன்று எந்த ஊருக்குப் போனான், யார் பெட்டிசத்தோடு வந்து நின்றான், என்ன பதில் சொன்னான் என்று இரண்டு வரியில் எழுதிவைத்திருப்பான், சில இடத்தில் எரிச்சலோடு. தொல்லை கொடுத்தவர்கள்தான் அதில் அதிகம் வருவார்கள், உங்களுக்கு வேண்டியதும் அப்படிப்பட்டவர்தானே. அனுமதி எடுத்துத்தான் பார்க்க வேண்டும், என்ன கொண்டுபோவது என்று முதலே போனில் கேட்டுவிடுங்கள், பென்சில் கொண்டுபோங்கள்.

எந்தப் பத்திரிகை என்பது வருடத்தைப் பொறுத்தது. வீரகேசரி 1930 ஓகஸ்டில் தொடங்கியது, தினகரன் 1932 மார்ச்சில். பாலம் திறந்த 1924இல் இரண்டும் இல்லை. ஆகவே பாலத்துக்கு ஆங்கிலப் பத்திரிகைகள்தான், சிலோன் ஒப்சேவர் 1834இலிருந்து, டைம்ஸ் ஒப் சிலோன் 1846இலிருந்து, டெய்லி நியூஸ் 1918இலிருந்து. தமிழில் என்றால் யாழ்ப்பாணத்து இந்து சாதனம் 1889இல் தொடங்கியது, சைவ விஷயம், கோயில் வழக்கு என்றால் அதைப் பாருங்கள். ஈழகேசரி 1930இல் வந்தது, அதன் இதழ்கள் நிறைய நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் தேடுவதென்றால் சித்திலெப்பை 1882இல் தொடங்கிய முஸ்லிம் நேசனையும் மறக்கக்கூடாது. மலாயாவுக்குப் போன உறவு இருந்தால் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் தேடக்கூடியதாக வைத்திருக்கிறது, அங்கே இலங்கைச் செய்தியும் வரும்.

ஆங்கிலத்தில் பெயர் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். கணபதிப்பிள்ளை, கந்தப்பர் எல்லாம் இன்று கே எழுத்தில் தொடங்கும், அன்று சி எழுத்தில் தொடங்கியிருக்கும். போடி என்ற பட்டத்தை ஒருவர் பெயரோடு சேர்த்து எழுதுவார், மற்றவர் பிரித்து எழுதுவார், இன்னொருவர் விட்டேவிடுவார். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னால், அதனால் ஒரே பெயரில் நாலு பேர் கிடைப்பார்கள். என் ஆளைக் குளமும் அளவும்தான் காட்டிக்கொடுத்தன. உங்களுடையவரைத் தோணி காட்டிக்கொடுக்கலாம். பெயரைவிட அவருடைய பிடிவாதத்தைத் தேடுங்கள். தமிழ்ப் பத்திரிகையில் தேடுபொறி பெரிதாக உதவாது, கண்ணால்தான் வாசிக்க வேண்டும், ஊர்ச்செய்தி வரும் பக்கத்தையும் வாசகர் கடிதத்தையும் மரண அறிவித்தலையும் மட்டும் பார்த்தால் ஒரு மாதத்து இதழ்களை ஒரு காலையில் முடிக்கலாம்.

மரண அறிவித்தல் என்றவுடன் ஞாபகம் வருகிறது, கல்வெட்டு இருந்ததா என்று கேளுங்கள். நான் சொல்வது முப்பத்தோராம் நாளில் படிக்க அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகத்தை. செத்தவருடைய பரம்பரை, பிறந்த நாள், செத்த திதி, பிள்ளைகள், மருமக்கள் எல்லாம் பாட்டாக இருக்கும். புகழ்ச்சியைக் கழித்துவிட்டு வாசிக்க வேண்டும், ஆனால் உறவுமுறைக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. விசர் மனிசன் என்றாலும் கல்வெட்டில் ஒரு வரி அவருடைய குணத்தைச் சுற்றி வளைத்தாவது சொல்லியிருக்கும்.

பிறப்பு இறப்புப் பதிவு 1867இலிருந்து உண்டு, விண்ணப்பித்தால் தேடித் தருவார்கள். காணி உறுதியில் முதிசமா (பரம்பரைச் சொத்தா) சீதனமா என்றும் யார் சாட்சி வைத்தார்கள் என்றும் பாருங்கள், சாட்சிக்காரன் பெரும்பாலும் மச்சான் முறை. அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமானது, ஆகவே அவருடைய பிறந்த வீடு காரைதீவு, திருக்கோவில், அக்கரைப்பற்று என்று வந்தாலும் பழைய பதிவெல்லாம் மட்டக்களப்பு என்ற தலைப்பில்தான் இருக்கும்.

கடிதம் கிடைத்தால் அந்த வீட்டிலேயே வைத்துப் படமெடுங்கள், கேட்டு வாங்கிக்கொண்டு வரப் பார்க்காதீர்கள். மூன்று தலைமுறை காத்து வைத்தவர்களிடமிருந்து பறிக்க நமக்கு என்ன உரிமை? பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், இரண்டு பக்கமும், உறையையும் சேர்த்து. கட்டு எந்த ஒழுங்கில் இருந்ததோ அப்படியே திரும்பக் கட்டுங்கள். கிழிந்ததற்கு செலோடேப் ஒட்டக்கூடாது, லெமினேட் பண்ணவே கூடாது, அது கடதாசியைச் சாகடிக்கிற வேலை. வாசித்ததை அன்று மாலையே அந்த வீட்டு மனுசருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். என் பெரியம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, அந்தப் பத்தொன்பது கடிதத்திலும் என்ன இருக்கிறது என்று அவ முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். பதினொராவது கடிதத்தில் அவவுடைய தாய் பிறந்த நட்சத்திரம் இருந்தது. அதற்குப் பிறகு அவ சொன்ன கதைகள் எந்தச் சுவடிக்கூடத்திலும் இல்லை.

பிடிக்காததும் கிடைக்கும், அதையும் சொல்லவேண்டும். இன்னொரு குடும்பம் இருந்திருக்கலாம், சீதனக் காணியை விற்றிருக்கலாம், குடிச் சண்டையில் கை நீட்டியிருக்கலாம். நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள், எழுதியும் வையுங்கள், ஆனால் உயிரோடு இருக்கிறவர்களின் பெயர் வருகிற இடத்தில் அவர்களைக் கேட்காமல் வெளியே போடாதீர்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அம்மாவிடம் போன் எடுத்து, பூட்டன் எந்த ஊரிலிருந்து கல்லடிக்குக் கலியாணம் செய்து வந்தவர், அவருக்கு அக்கா தங்கச்சி எத்தனை பேர் என்று கேளுங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் விசர் மனிசன் என்றுதான் பதில் வரும், தோணி யாருடையது, எந்தத் துறையில் ஏறுவார், காசு கொடுப்பாரா சும்மா போவாரா, தோணிக்காரன் என்ன முறை என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் கிடைத்தவுடன் எழுதுங்கள், படுவான்கரையென்றால் நானே போய்ப் பார்க்கிறேன், அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் சிலரை எனக்குத் தெரியும். கடிதத்தில் தமிழ் ஆண்டுப் பெயர் வந்தாலும் படத்தை அனுப்புங்கள், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.